காஸ்மிக் ஹாரர் புதிர் கேம்கள்: பாதியில் விடாமல் விளையாட எனக்கு எது ஒத்துவரும்?

பென்னாகரத்தான் | ஓசூர் | ஞாயிறு இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதுதான் நான் தொடங்கும் முதல் இழை.

சொந்த ஊர் பென்னாகரம் பக்கம், வேலை ஓசூர் சிப்காட்டில். ஷிப்ட் மாறி மாறி வரும். வாரத்தில் இரண்டு மூன்று இரவு, ரூமில் மற்றவர்கள் தூங்கிய பிறகு, ஒன்றரை மணி நேரம் கேம் விளையாடக் கிடைக்கும். லேப்டாப் பழசு, ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது.

எனக்குப் பிடித்தது ஒரு குறிப்பிட்ட உணர்வு. கதவைத் திறந்ததும் பேய் வந்து கத்துவது இல்லை. மனிதனைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத பெரிய ஏதோ ஒன்று இருக்கிறது, அதன் ஓரத்தில் நாம் நிற்கிறோம் என்கிற உணர்வு. அதற்குக் காஸ்மிக் ஹாரர் என்று பெயர் என்பதே பின்னால்தான் தெரிந்தது. அதோடு மூளைக்கு வேலை வைக்கும் புதிரும் வேண்டும்.

'சிறந்த பத்து' பட்டியல்களைப் பார்த்து நான்கு கேம் வாங்கினேன். 'கால் ஆஃப் துலு' 2018இல் வந்தது. ஒளிந்து ஒளிந்து போகும் இடம் வந்ததும் மூடிவிட்டேன். 'சோமா'வில் கடலுக்கு அடியில் இருக்கும் அந்த நிலையம் அப்படிப் பிடித்தது, ஆனால் ஒவ்வொரு முறை அந்த உருவம் வரும்போதும் ஓடிக்கொண்டே இருப்பது என்னால் ஆகவில்லை. 'ட்ரெட்ஜ்' முதல் வாரம் சொர்க்கம், பிறகு மீன் பிடித்து விற்கும் வேலையாகவே தெரிந்தது. 'கால் ஆஃப் தி சீ' மட்டும் முடித்தேன். அழகாக இருந்தது, மனதில் தங்கவில்லை.

எல்லாமே நல்ல கேம்கள் என்று ஊரே சொல்கிறது. அப்படியென்றால் எனக்கு வேண்டியது என்ன என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்சம் உதவுங்கள்.

---

மாங்கனி_நகர் | கிருஷ்ணகிரி | ஞாயிறு இரவு 11.58

நல்ல கேள்வி. இன்னொரு பட்டியல் கொடுத்தால் ஐந்தாவதையும் பாதியில் விடுவீர்கள், அதனால் அதைச் செய்யப் போவதில்லை.

காஸ்மிக் ஹாரர் புதிர் என்பது ஒரே பெயர்ப் பலகைக்குக் கீழே இருக்கும் நாலைந்து வேறு வேறு கடைகள் மாதிரி. பலகையைப் பார்த்து உள்ளே போகிறோம், உள்ளே விற்பது வேறு.

ஆட்டக்காரர்கள் எதற்காக விளையாடுகிறார்கள் என்று யோசித்தவர்கள் நிறைய. 1996இலேயே ரிச்சர்ட் பார்ட்டில் என்ற கேம் வடிவமைப்பாளர் நாலு வகை சொன்னார்: சாதிக்கிறவர், சுற்றிப் பார்க்கிறவர், பழகுகிறவர், மோதுகிறவர். பிறகு நிக் யீயின் குவாண்டிக் ஃபவுண்ட்ரி என்ற ஆய்வு நிறுவனம் ஏராளமான ஆட்டக்காரர்களிடம் கேட்டு 12 உந்துதல்களாகப் பிரித்து, இரண்டிரண்டாகச் சேர்த்து ஆறு ஜோடி ஆக்கினார்கள். சவாலும் வியூகமும் ஒரு ஜோடி. கதையும் கற்பனை உலகமும் இன்னொன்று. முடித்துப் பார்ப்பதும் பலம் சேர்ப்பதும் ஒன்று. தேடிக் கண்டுபிடிப்பதும் உருவாக்கிப் பார்ப்பதும் ஒன்று. அப்புறம் பரபரப்பும் அழிவும், போட்டியும் கூடி விளையாடுவதும்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த ஒரு விஷயம், அந்தப் பன்னிரண்டில் 'பயம்' என்று ஒன்று இல்லவே இல்லை. பயம் மேலே போர்த்தியிருக்கும் துணி. கீழே இருப்பது பரபரப்பாகவும் இருக்கலாம், கதையாகவும் இருக்கலாம், கண்டுபிடிப்பாகவும் இருக்கலாம். 'சோமா'வில் உங்களுக்குப் பிடித்தது நிலையம், பிடிக்காதது துரத்தல். ஆக பரபரப்பு உங்கள் கடை இல்லை என்பது இப்போதே தெரிகிறது.

மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். அந்த நான்கு கேமிலும் 'இன்னும் ஐந்து நிமிஷம்' என்று தூக்கத்தைத் தள்ளிப்போட்ட நொடி எது? மாட்டிக்கொண்டால் காகிதத்தில் எழுதிப் பார்ப்பீர்களா, வேறு பக்கம் நடந்து போவீர்களா? கேமுக்கு வெளியே, நிஜத்தில், அந்தப் பெரிய உணர்வு உங்களுக்கு எங்கேயாவது வந்திருக்கிறதா?

---

தொப்பூர்_கணவாய் | தர்மபுரி | திங்கள் காலை 6.45

எதையும் யோசிக்காமல் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' எடுங்கள் நண்பா. லூகாஸ் போப் 2018இல் வெளியிட்டது.

1802இல் லண்டனிலிருந்து கிளம்பிய கப்பல் 1807இல் உயிருள்ள ஒரு ஆள் இல்லாமல் கரைக்கு வருகிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கையில் ஒரு கடிகாரம். பிணத்தின் அருகே அதைத் திறந்தால், அந்த ஆள் செத்த நொடி அப்படியே உறைந்து நிற்கும், அதற்குள் நடந்து பார்க்கலாம். 60 பேர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார்கள் என்று புத்தகத்தில் எழுத வேண்டும். மூன்று பேர் சரியாக வந்தால்தான் புத்தகம் அதை அச்சில் பதிக்கும். அதனால் குருட்டாம்போக்கில் அடித்துவிட முடியாது.

தொங்கு படுக்கையில் மாட்டியிருந்த ஒரு எண்ணை ஆள் பட்டியலோடு ஒப்பிட்டு ஒரு மாலுமியின் பெயரைப் பிடித்தபோது, நடு இரவில் எழுந்து நின்றுவிட்டேன். அந்த மாலுமிகளில் இந்தியர்களும் உண்டு. 1792இல் நம் பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கம்) திப்புவிடமிருந்து இதே கம்பெனி கைக்குப் போனது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு விளையாடிப் பாருங்கள், அந்தப் பெயர்ப் பட்டியல் வேறு மாதிரி தெரியும். நான் அப்படித்தான் விளையாடினேன்.

கறுப்பு வெள்ளை, பழைய மேக் கம்ப்யூட்டர் திரை மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். சாதாரண லேப்டாப்பே தாங்கும்.

---

பென்னாகரத்தான் | ஓசூர் | திங்கள் இரவு 10.30

இருவருக்கும் நன்றி. அந்த மூன்று கேள்வியையும் இன்று வேலை முழுக்க மனதில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தூக்கத்தைத் தள்ளிய நொடி: 'சோமா'வில் ஒரு பழைய பதிவைக் கேட்டுவிட்டு, இதற்கு முன்னால் பார்த்த ஒரு அறைக்கு அர்த்தமே மாறிப்போனது. அங்கே திரும்பிப் போய் நின்று பார்த்தேன். கேம் என்னைப் போகச் சொல்லவில்லை.

மாட்டிக்கொண்டால் வேறு பக்கம் நடப்பேன். எழுதிப் பார்க்கப் பிடிக்கும், ஆனால் எழுதியே ஆக வேண்டும் என்றால் வேலை மாதிரி ஆகிவிடுகிறது.

மூன்றாவதுக்கு உடனே பதில் இருக்கிறது. போன தை மாதம் ரூம் நண்பனோடு பைக்கில் மல்லச்சந்திரம் போனேன். கல்திட்டைகள், அதாவது மிகப் பழைய காலத்து ஈமச் சின்னங்கள், இருக்கும் ஊர், நம் மாவட்டத்துக்காரர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். பாறை மேல் ஏறினால் பெரிய பெரிய பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, வீடு மாதிரி வைத்திருக்கிறார்கள். ஒரு கல்லில் வட்டமாக ஒரு துளை. தலை நுழையும் அளவு. நண்பன் போட்டோ எடுக்கப் போய்விட்டான், நான் மண்டிபோட்டு செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தேன். மண், காய்ந்த இலை, ஒரு சிலந்திக் கூடு. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் துளையின் விளிம்பைத் தடவினால் உள்பக்கமும் வழவழப்பாக இருந்தது. ஆள் பார்க்கவே பார்க்காத உள்பக்கத்தை எதற்கு அவ்வளவு மெனக்கெட்டு இழைத்தார்கள்? வெயில் சுட்டுக்கொண்டிருந்தது, கையில் ரோமம் சிலிர்த்தது.

பயம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

தென்பெண்ணை | காவேரிப்பட்டினம் | திங்கள் இரவு 11.15

தம்பி, அந்தத் துளையில் நானும் எட்டிப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வியேதான் எனக்கும் வந்தது.

நம் பக்கத்தில் இந்த உணர்வுக்குப் பஞ்சமில்லை. ஒகேனக்கல் பக்கத்தில் கார்பனடைட் என்று, பூமியின் ஆழத்துக் குழம்பு இறுகி உண்டான ஒரு வகைப் பாறை இருக்கிறது. அதன் வயது சுமார் 240 கோடி ஆண்டு. பரிசலில் போகும்போது அதை நினைத்துப் பாருங்கள். காஸ்மிக் ஹாரரின் பாதி, காலம் நம்மைவிட எவ்வளவு பெரியது என்று உடம்புக்கு உறைப்பதுதான். கொம்பும் வாலும் வைத்த உருவங்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வருவது.

ஆனால் இந்த வகை கேமில் ஒரு முரண்பாடு இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது சுலபம். புதிர் என்றால் 'விடை இருக்கிறது, உன்னால் முடியும்' என்று வாக்குக் கொடுப்பது. காஸ்மிக் ஹாரர் 'விடை கிடைத்தாலும் உனக்கு அது அடங்காது' என்பது. இரண்டையும் ஒரே பானையில் போட்டால் ஒன்று மற்றதைக் கெடுக்க வேண்டும். பல கேமில் கெடுக்கவும் செய்கிறது. பூட்டைத் திறந்தேன், சிலையைத் திருப்பினேன், மந்திரம் படித்தேன், முடிந்தது. அந்தப் பெரிய விஷயம் ஒரு பூட்டு அளவுக்குச் சுருங்கிப் போகும்.

காஸ்மிக் ஹாரருக்கு முன்னோடியான அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட், துலு என்ற ராட்சத உருவத்தை வைத்து 1928இல் வெளியிட்ட கதையிலேயே இதற்கு வழி இருக்கிறது. கதை சொல்பவர் செத்துப்போன பெரிய தாத்தாவின் காகிதங்கள், ஒரு போலீஸ்காரரின் வாக்குமூலம், ஒரு மாலுமியின் குறிப்பு என்று துண்டு துண்டாகச் சேர்த்துப் பார்க்கிறார். அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு துண்டும் பொருந்துகிறது, பொருந்தப் பொருந்தத்தான் நடுக்கம் கூடுகிறது. புதிர் விடுபடுவதால் மர்மம் குறையவில்லை, வளர்கிறது. நல்ல கேம் எல்லாம் இந்த வழியில் போனவை. ஓப்ரா டின்னில் ஆள் ஆளாக என்ன ஆனார்கள் என்று எழுதிவிடுவீர்கள், கடலிலிருந்து வந்தது என்ன என்பது மட்டும் கடைசி வரை உங்கள் புத்தகத்துக்குள் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், 2019இல் வந்த 'தி சிங்கிங் சிட்டி' என்ற துப்பறியும் கேம். சண்டை எனக்குச் சுமார்தான். ஆனால் முகவரியைத் தெருப் பெயரைப் பார்த்து நாமே வரைபடத்தில் தேடிக் குறிக்க வேண்டும். அம்புக்குறி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போகாது. பாதி மூழ்கிய ஊரில் அப்படி முகவரி தேடி அலைவது எனக்கு மிகவும் பிடித்தது.

---

மாங்கனி_நகர் | கிருஷ்ணகிரி | செவ்வாய் மதியம் 1.10

பென்னாகரத்தான், உங்கள் பதிலைப் படித்ததுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. நீங்கள் தேடுவது கண்டுபிடிப்பு. சவால் இரண்டாம் பட்சம், முடித்துக் காட்டுவது மூன்றாம் பட்சம்கூட இல்லை. கேம் சொல்லாமலே பழைய அறைக்குத் திரும்பிப் போய் நின்றீர்கள் பாருங்கள், அது ஒன்று போதும்.

உங்கள் நான்கு கேமையும் இதை வைத்துத் திரும்பிப் பாருங்கள். 'ட்ரெட்ஜ்' முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது, ஏனென்றால் ஒவ்வொரு தீவும் புதிது. தீவுகள் தெரிந்த பிறகு மிச்சம் இருப்பது வலையும் படகும் பெரிதாக்குவது. அது பலம் சேர்க்கப் பிடித்தவர்களுக்கு விருந்து. 'கால் ஆஃப் தி சீ'யில் 1934ஆம் ஆண்டுத் தீவில் ஒரு பெண் காணாமல் போன கணவரைத் தேடுகிறாள். ஒவ்வொரு இடமாகக் கேம் உங்களைக் கூட்டிப் போகும். அது கதைக்காக விளையாடுகிறவர்களுக்கு.

உங்களுக்கானது 'அவுட்டர் வைல்ட்ஸ்'. மோபியஸ் டிஜிட்டல் செய்தது, 2019. வாங்கும்போது பெயரை நன்றாகப் பாருங்கள், அதே ஆண்டு 'அவுட்டர் வேர்ல்ட்ஸ்' என்று சம்பந்தமே இல்லாத வேறு கேமும் வந்தது.

கெடுக்காமல் எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொல்கிறேன். நீங்கள் ஒரு சின்னக் கோளில், கணப்புத் தீயின் பக்கத்தில் படுத்தபடி கண் விழிப்பீர்கள். நேர் மேலே வானத்தில் ஒரு பச்சைக் கோள், அதன் அருகே ஏதோ ஒன்று வெடித்து ஒரு துண்டு எங்கேயோ பறக்கும். பிறகு மரமும் தகரமும் வைத்து ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு விண்கலம் கொடுப்பார்கள். எங்கே வேண்டுமானாலும் போகலாம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், நீங்கள் சாவீர்கள், மறுபடி அதே தீயின் பக்கத்தில் விழிப்பீர்கள்.

ஆயுதம் இல்லை, பலம் கூட்டுவது இல்லை. கடைசிக் கதவுக்கான சாவி முதல் நிமிடத்திலேயே உங்களிடம் இருக்கிறது. அது சாவி என்று தெரியாது, அவ்வளவுதான். சேர்த்து வைப்பது தெரிந்துகொண்டதை மட்டும். அதையும் கலத்தில் இருக்கும் பதிவேடு எழுதி வைத்துக்கொள்ளும், நீங்கள் நோட்டு வைத்து எழுத வேண்டாம். மாட்டிக்கொண்டால் வேறு கோளுக்குக் கிளம்பிவிடலாம். உங்களுக்காகவே செய்த மாதிரி இருக்கிறது.

கன்ட்ரோலர் இருந்தால் நல்லது, கேமே அதைத்தான் சிபாரிசு செய்கிறது. லேப்டாப் இழுக்குமா என்று சந்தேகம் இருந்தால் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்குங்கள். வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

யூட்யூபில் மட்டும் தயவுசெய்து தேடாதீர்கள். இந்த கேமை வாழ்க்கையில் ஒரு முறைதான் விளையாட முடியும்.

---

வத்தல்மலை_காற்று | தர்மபுரி | செவ்வாய் மாலை 5.50

அண்ணா, அக்கா, நான் கல்லூரியில் படிக்கிறேன். லேப்டாப் இல்லை, போன் மட்டும்தான். ஆங்கிலமும் மெதுவாகத்தான் படிப்பேன். இந்த மாதிரி கேம் எனக்கெல்லாம் முடியாதா?

---

தென்பெண்ணை | காவேரிப்பட்டினம் | செவ்வாய் இரவு 8.05

ஏன் முடியாது தம்பி? 'தி ரூம்' எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் ஐபேடுக்கு வந்தது, பிறகு ஆண்ட்ராய்டிலும் வந்துவிட்டது. ஒரு மேசை, மேசை மேல் ஒரு பெட்டி. மூடியை விரலால் தள்ளுகிறீர்கள், சாவியைத் திருப்புகிறீர்கள், ஒரு கண்ணாடியை மாட்டினால் வெறும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து பெட்டி மேல் தெரிகிறது. திறக்கத் திறக்க உள்ளே இன்னொரு பெட்டி. ஏதோ ஒன்று சரியில்லை என்று அறையின் சத்தத்திலேயே தெரியும். படிக்க வேண்டிய கடிதம் கொஞ்சம்தான், குறிப்பு வேண்டும் என்றால் கேமே கொடுக்கும். விலை கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் நடுவில் விளம்பரம் வராது. நான்கு பாகம் வரை போனில் இருக்கிறது. 2018இல் வந்த 'ஓல்ட் சின்ஸ்' ஒரு பொம்மை வீட்டுக்குள்ளேயே நடக்கும், எனக்கு அதுதான் உச்சம்.

காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ரஸ்டி லேக் குழுவின் 'கியூப் எஸ்கேப்' தொடர். 2015இல் தொடங்கியது, இலவசம். காஸ்மிக் என்பதைவிடக் கனவு மாதிரி என்று சொல்ல வேண்டும்.

---

மாங்கனி_நகர் | கிருஷ்ணகிரி | செவ்வாய் இரவு 9.20

வத்தல்மலை தம்பி சொன்னது முக்கியமான விஷயம். நாம் இங்கே பேசும் கேம் எதிலும் தமிழ் இல்லை. ஓப்ரா டின்னில் பழைய கால ஆங்கிலம், அதிலும் பல தேசத்து உச்சரிப்பு. அந்த உச்சரிப்பே சில இடத்தில் தடயம். 1998இல் வந்த 'ஆங்கர்ஹெட்' முழுக்க முழுக்க எழுத்து, கட்டளையைத் தட்டச்சு செய்துதான் விளையாட வேண்டும். அருமையான கேம், ஆனால் ஆங்கிலத்தில் சரளம் இல்லாவிட்டால் நம்மைத் தள்ளி நிறுத்திவிடும். 'அவுட்டர் வைல்ட்ஸ்' ஆங்கிலம் எளிது, வாக்கியங்கள் சின்னது.

மொழியே வேண்டாத கேமும் இருக்கிறது. 2016இன் 'இன்சைடு' கேமில் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பையன் இருட்டில் ஓடுகிறான், அவ்வளவுதான். முடிவைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரிடமும் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அதிலும் அதே குழுவின் முந்தைய கேமான 'லிம்போ'விலும் புதிர்களுக்குத் தலைமை வகித்த யெப்பே கார்ல்சன் பிறகு 'கொக்கூன்' செய்தார், 2023. ஒரு முழு உலகத்தையே கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக்கி முதுகில் சுமந்து போவீர்கள். அந்த உருண்டைக்குள் குதித்தால் அங்கே இன்னொரு உருண்டை. அதிலும் வசனம் இல்லை. தம்பி கையில் லேப்டாப் வந்ததும் முதலில் விளையாட வேண்டியது அது.

---

தொப்பூர்_கணவாய் | தர்மபுரி | செவ்வாய் இரவு 11.00

ஒரு ஆட்சேபம் பதிவு செய்கிறேன். 'அவுட்டர் வைல்ட்ஸ்' ஹாரர் இல்லை. கணப்புத் தீ, பாட்டு, வாத்தியம் என்று மனதுக்கு இதமான கேம். கேட்டவர் காஸ்மிக் ஹாரர் கேட்டார்.

அதோடு இந்த உந்துதல் கணக்கு எனக்கு முழுக்கச் சம்மதம் இல்லை. நான் லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறேன். கணக்கு முடிக்கும் நாள் இரவில் எனக்குச் சவால் வேண்டாம், 'தி ரூம்' பெட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தால் போதும். ஞாயிறு மதியம் அதே ஆள் ஓப்ரா டின்னில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். ஒரே மனுஷன்தான், ஆனால் உடம்பு அசந்திருக்கும்போது தேடுவது வேறு.

---

மாங்கனி_நகர் | கிருஷ்ணகிரி | செவ்வாய் இரவு 11.25

இரண்டாவது சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆளுக்கு ஒரு முத்திரை குத்தும் கணக்கு இல்லை இது, எந்தப் பக்கம் சாய்வு அதிகம் என்று காட்டுவது. ஷிப்டுக்குப் போகிறவருக்கு 22 நிமிடச் சுற்று ஒத்துவரும் என்று நான் நினைத்ததும் அதனால்தான். ஒரு சுற்று முடிந்ததும் மூடிவிட்டுத் தூங்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

ஹாரர் இல்லை என்பதில் மட்டும் மாறுபடுகிறேன். முட்செடி மாதிரி வெளியே தெரியும் ஒரு இடம் அதில் இருக்கிறதே, உள்ளே நீங்கள் போனீர்களா? மூடுபனிக்குள் தூரத்தில் ஒரு விளக்கு. நான் மூச்சை அடக்கிக்கொண்டு எஞ்சினை அணைத்தேன். 2021இல் வந்த கூடுதல் பாகம் 'எக்கோஸ் ஆஃப் தி ஐ' இன்னும் ஒரு படி மேலே. பயத்தைக் குறைக்க ஒரு வசதியை அவர்களே அமைப்புகளில் வைத்திருக்கிறார்கள், தேவை இல்லாமலா வைப்பார்கள்?

பென்னாகரத்தானுக்கு இன்னொரு செய்தி. 'சோமா'வில் 2017இல் பாதுகாப்பு முறை ஒன்றைச் சேர்த்தார்கள். அந்த உருவங்கள் இருக்கும், ஆனால் உங்களைக் கொல்லாது. அந்த நிலையத்தை நிம்மதியாகச் சுற்றிப் பார்க்கலாம். புதிதாக வாங்கும் முன் அதைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

---

தொப்பூர்_கணவாய் | தர்மபுரி | செவ்வாய் இரவு 11.31

அந்த முட்செடிக்குள் நான் போகவே இல்லை. நாளைக்குப் போகிறேன்.

---

வத்தல்மலை_காற்று | தர்மபுரி | வெள்ளி இரவு 10.10

'தி ரூம்' முதல் பாகம் முடித்துவிட்டேன். ஹெட்செட் போட்டு, விளக்கை அணைத்து விளையாடினேன். மூன்று இடத்தில் மட்டும்தான் குறிப்பு பார்த்தேன். கடிதங்களை அகராதி வைத்துப் படித்தேன், புரிந்தது. இரண்டாம் பாகம் வாங்கப் போகிறேன். நன்றி அண்ணா.

---

பென்னாகரத்தான் | ஓசூர் | இரண்டு வாரம் கழித்து, சனி இரவு 9.40

தாமதத்துக்கு மன்னியுங்கள். 'சோமா'வைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி ஐந்து இரவில் முடித்தேன். கடைசிக் காட்சிக்குப் பிறகு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அதை இங்கே எழுதத் தெரியவில்லை. துரத்தலுக்குப் பயந்து இதையா விட்டுவைத்திருந்தேன் என்று இருந்தது.

பிறகு 'அவுட்டர் வைல்ட்ஸ்'. லேப்டாப் இழுக்கிறது, தரத்தைக் குறைத்து வைத்தால் போதும். முதல் மூன்று சுற்றும் தரை இறங்கத் தெரியாமல் மோதியே செத்தேன். நான்காவது சுற்றில் ஒரு பாழடைந்த இடத்தில் சுவரில் ஒரு வட்டமான எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதியவர்கள் போய் எத்தனையோ காலம். ஆனால் பேசுவது பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தது; ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் மறுத்துப் பேசுகிறார். படித்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் மாறியது. எனக்கு மல்லச்சந்திரத்துத் துளையின் உள்விளிம்பு ஞாபகம் வந்தது.

ஓப்ரா டின்னையும் எடுத்து வைத்திருக்கிறேன் தொப்பூர் அண்ணா, மழைக்கால விடுமுறையில் ஊருக்குப் போகும்போது விளையாடுவேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன். இன்னும் விளையாடாதவர்கள் இதோடு நிறுத்திவிடுங்கள். அந்தப் பச்சைக் கோளில் சூறாவளி எல்லாம் என் கலத்தை மேலே தூக்கி வீசுகிறது. தண்ணீருக்குள் போனாலும் ஒரு அளவுக்குக் கீழே இறங்க முடியவில்லை, நீரோட்டம் தடுக்கிறது. நேற்று தூங்கப் போகும் முன் ஒரு சூறாவளி மட்டும் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் சுற்றியது போல இருந்தது. சரியாகப் பார்ப்பதற்குள் 22 நிமிடம் முடிந்துவிட்டது.

யாரும் பதில் சொல்லிவிடாதீர்கள். இன்று ஷிப்ட் இல்லை, இப்போதுதான் லேப்டாப்பைத் திறக்கிறேன்.